"காமிக்ஸில் இப்படி இல்லையே!" – திரைக்கு வரும் சூப்பர்ஹீரோவை எப்படி எடைபோடுவது?

சூப்பர்ஹீரோ படம் பார்த்துவிட்டு வருகிற கூட்டத்தில் எப்போதும் இரண்டு கட்சிகள் இருக்கும். "காமிக்ஸில் இப்படி இல்லையே" என்று ஆரம்பிக்கிற கட்சி ஒன்று. "படம் வேறு, புத்தகம் வேறு, இதில் என்ன பஞ்சாயத்து" என்று முடித்துவைக்கிற கட்சி மற்றொன்று. டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது இவ்விரண்டும் மோதிக்கொள்வதைக் கேட்கலாம். இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். முதல் கட்சி மாற்றங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது கட்சி எண்ணவே மறுக்கிறது. மாற்றியதால் கதைக்குள் என்ன நடந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு.

அப்படிக் கேட்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காமிக்ஸை ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன்: ரயன் கூக்ளர் இயக்கத்தில் 2018-இல் வந்த 'பிளாக் பேந்தர்'. தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. காரணம் பிற்பாடு வரும்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். வகாண்டா என்பது ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாடு. வைப்ரேனியம் என்ற அரிய உலோகத்தை வைத்துக்கொண்டு, உலகத்துக்குத் தெரியாமல் அறிவியலில் எல்லோரையும் தாண்டிப் போய்விட்ட நாடு. அதன் அரசன்தான் கருஞ்சிறுத்தை உடையணிந்து போரிடுகிற பிளாக் பேந்தர். தந்தை டிசாக்கா கொல்லப்பட்டபின் மகன் டிசல்லா அரியணை ஏறுகிறான். அமெரிக்காவில் வளர்ந்த கில்மாங்கர் என்பவன் வந்து, அரியணை எனக்கும் உரியது என்கிறான். மீதி சண்டை.

எந்தக் காமிக்ஸ்?

ஒரு வடிவத்தில் இருக்கிற கதையை இன்னொரு வடிவத்துக்குக் கொண்டுவருவதைத் தழுவல் என்கிறோம். ஒரு நாவலைப் படமாக்கினால் மூலம் எது என்பதில் குழப்பமில்லை. அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் இருப்பதுதான் மூலம். சூப்பர்ஹீரோ விஷயத்தில் அந்த வசதி கிடையாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல கைகள் மாறி மாறி எழுதி வரைந்த குவியல் அது. அதனால் "காமிக்ஸில் இப்படி இல்லை" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டுக் காமிக்ஸில் என்று திருப்பிக் கேட்பதுதான் முதல் வேலை.

டிசல்லா பிறந்தது 1966-இல், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழின் 52-ஆம் எண்ணில். எழுதியவர் ஸ்டேன் லீ, வரைந்தவர் ஜேக் கிர்பி. அங்கே அவன் கதாநாயகனே கிடையாது. நான்கு நாயகர்களைத் தன் நாட்டுக்கு விருந்தாளிகளாக அழைத்து, இயந்திரங்களால் ஆன காட்டுக்குள் ஒவ்வொருவராக வேட்டையாடிப் பார்க்கிற மர்மமான அரசன் அவன். தன் பலத்தைச் சோதிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு விளக்கம் சொல்கிறான். இந்த முதல் அறிமுகத்தை அப்படியே படமாக்கினால், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அடிக்கிறவனை எவரும் நாயகனாக ஏற்கமாட்டார்கள்.

1972-இல் வந்த ஓர் இதழ் இன்னும் வேடிக்கை. அதற்குள் அமெரிக்காவில் பிளாக் பேந்தர் என்ற பெயரில் ஓர் அரசியல் கட்சி பேரெடுத்திருந்தது. கட்சி ஓக்லண்டில் தோன்றியது 1966 அக்டோபரில். காமிக்ஸ் அதற்குச் சில மாதங்கள் முந்தியது. இருந்தாலும் கட்சியின் பெயரோடு சேர்த்துப் பார்க்கப்படுவதைத் தவிர்க்க விரும்பி, டிசல்லா தன்னைக் 'கருப்புச் சிறுத்தைப்புலி' என்று வேறு பெயரில் அழைத்துக்கொள்கிறான். அந்தக் கதை நடக்கிற இடம் ருட்யார்டா என்ற கற்பனை நாடு. வெள்ளையருக்கு ஒரு வாசல், கருப்பருக்கு ஒரு வாசல் என்று பிரித்து வைத்திருக்கிற நாடு. அது எந்த நாட்டைக் குறிக்கிறது என்று இங்கே 1994-க்கு முன் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதுப்பெயர் நிலைக்கவில்லை, சீக்கிரமே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் 1970-களில் டான் மெக்ரிகர், 1998 முதல் கிறிஸ்டஃபர் ப்ரீஸ்ட், 2005-இல் ரெஜினால்ட் ஹட்லின் என்று ஒவ்வொரு எழுத்தாளரும் தங்களுக்கான டிசல்லாவைப் படைத்தார்கள். ஒருவரின் டிசல்லா இன்னொருவரின் டிசல்லாவோடு ஒத்துப்போக மாட்டான். ஆக, படம் செய்யும் மாற்றங்களைக் காமிக்ஸ் தனக்குத் தானே எப்போதோ செய்துகொண்டுவிட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மூலம் என்று நாம் பத்திரமாக நினைப்பதில் பல தழுவலிலிருந்து வந்து சேர்ந்தவை. 1938-இல் அறிமுகமான சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. உயரமாகத் தாவுவான், அவ்வளவுதான். 1940-களின் வானொலித் தொடரும் கார்ட்டூன் படங்களும்தான் அவனைப் பறக்கவிட்டுப் பழக்கின. அவனை வீழ்த்துகிற கிரிப்டோனைட் கல்லை 1943-இல் வானொலித் தொடர் முதலில் கொண்டுவந்தது; காமிக்ஸ் பிறகுதான் எடுத்துக்கொண்டது. இன்று ஒரு படம் கிரிப்டோனைட்டை விட்டுவிட்டால், மூலத்துக்குத் துரோகம் என்று இதே கூட்டம் கொதிக்கும்.

கம்பனிடம் ஒரு பாடம்

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் புதிதல்ல. தழுவலைப் பற்றி விவாதிக்க நம்மிடம் கம்பன் இருக்கிறான். நாட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஒரே திரௌபதியை ஒவ்வொரு வாத்தியாரும் ஒவ்வொரு விதமாக ஆடவைத்ததைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பன் அதை மாற்றினான். சீதை இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான் கம்பனின் இராவணன், அவளைத் தொடுவதில்லை. இதை மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டுக் கேட்போரின் மனத்துக்கு ஏற்ற சிறு திருத்தம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் யுத்த காண்டத்தில் அந்தத் திருத்தத்துக்கான பில் வருகிறது. போர் முடிந்து சீதை முன்னே வந்து நிற்கும்போது, வால்மீகியின் இராமன் "இராவணன் மடியில் இருந்தவள்" என்று குத்துகிறான். தொடவே இல்லை என்றபின் கம்பனின் இராமன் அப்படிப் பேச முடியாது. அதனால் அவன் சொல் வேறு பக்கம் திரும்புகிறது: அரக்கனின் நகரத்தில் அடங்கி இருந்தாய், உணவை உவந்தாய், உயிரை விடவில்லையே என்கிறான். ஆரணிய காண்டத்தில் ஒருவன் கையை நகர்த்தியதற்கு யுத்த காண்டத்தில் இன்னொருவன் நாக்கு நகரவேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். பாத்திரம் தனியாக நிற்கிற ஆள் கிடையாது. தந்தை, பகைவன், தங்கை, ஊர், மொழி என்று பல இழைகள் சேர்ந்து விழுந்த முடிச்சு அது. ஓர் இழையை இழுத்தால் மற்றவை அசையும். எதை மாற்றினார்கள் என்பதோடு நிறுத்தாமல், மாற்றியதால் யார் யார் அசைந்தார்கள், எடுத்துவிட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் வாதம் சூடுபிடிக்கும்.

கில்மாங்கர்: ஒரு மாற்றம், மூன்று பேர்

காமிக்ஸில் எரிக் கில்மாங்கர் 1973-இல் வருகிறான். அவன் வகாண்டாவில் பிறந்தவன். க்ளா என்ற வெள்ளைக்காரக் கொள்ளையன் அந்த நாட்டைத் தாக்கியபோது கில்மாங்கரின் தந்தையை மிரட்டித் தனக்கு வேலை செய்யவைத்தான். அந்தக் களங்கத்தால் குடும்பமே நாடு கடத்தப்பட்டது. சிறுவன் நியூயார்க்கின் ஹார்லமில் வளர்ந்தான். பெரியவனானதும் டிசல்லாவே அவனைத் தாய்நாட்டுக்குத் திரும்ப அனுமதிக்கிறான். வந்தவன் கலகம் செய்கிறான். அருவியின் உச்சியில் இருவரும் மோதுகிறார்கள். டிசல்லாவைத் தூக்கிக் கீழே எறிகிறான்.

அந்த அருவி, அந்தச் சண்டை, அந்த எறிதல் எல்லாமே படத்தில் இருக்கின்றன. காமிக்ஸ் படித்தவர்கள் கைதட்டிய இடம் அது. காட்சி அப்படியே இருக்கிறது, காரணம்தான் தலைகீழாகிவிட்டது.

படத்தில் கில்மாங்கர் அரசனின் தம்பி மகன். டிசல்லாவுக்குப் பங்காளி. அவன் தந்தை என்ஜோபு ஓக்லண்டில் வகாண்டாவின் ஒற்றனாக இருந்தவர். அங்கே கருப்பர்கள் படுகிற பாட்டைப் பார்த்து மனம் மாறியவர். 1992-இல் டிசாக்கா அங்கே வந்து சொந்தத் தம்பியையே கொன்றுவிட்டு, பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். நாட்டின் ரகசியம் காக்கப்பட்டது, பையன் அநாதையானான்.

இப்போது யார் யார் அசைந்தார்கள் என்று பாருங்கள். காமிக்ஸில் டிசாக்கா குற்றமற்றவர். பகைவன் கையில் இறந்த தியாகி. அவருடைய மகனுக்கு இருக்கிற ஒரே வேலை பழிவாங்குவது. படத்தில் அவர் குற்றவாளி ஆகிவிட்டார். இறந்தவர்களைச் சந்திக்கிற அந்த ஊதா நிற வெளியில் டிசல்லா இரண்டு முறை தந்தையைப் பார்க்கிறான். முதல் முறை முன்னால் மண்டியிடுகிறான். இரண்டாம் முறை நீங்கள் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். காமிக்ஸில் இருந்த மாதிரி கில்மாங்கர் வேற்றாளாகவே இருந்திருந்தால் இந்த இரண்டாம் சந்திப்பு கிடையாது. நாயகனின் வளர்ச்சி முழுவதும் வில்லனின் பிறப்புச் சான்றிதழை மாற்றியதில்தான் நிற்கிறது. "கில்மாங்கரை மாற்றிவிட்டார்கள்" என்று வாதாடுகிறவர்கள் உண்மையில் டிசாக்காவைப் பற்றித்தான் வாதாட வேண்டும். கேள்விப்பட்ட வரைக்கும் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை.

முடிவும் வேறு. காமிக்ஸ் தொடரின் கடைசியில் கில்மாங்கரை வீழ்த்துவது டிசல்லாவின் கை இல்லை. கன்டூ என்ற சின்னப் பையன் ஓடிவந்து அவனை அருவியில் தள்ளிவிடுகிறான். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும். அரசர்கள் மாறி மாறி வீரம் காட்டிக்கொண்டிருக்க, போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பிள்ளை கணக்கை முடிக்கிறது. படத்தில் அது இல்லை என்பது எனக்கு இழப்புதான். ஆனால் பங்காளிச் சண்டை என்றாகிவிட்டபின், மூன்றாமவன் வந்து முடித்துவைத்தால் ஒட்டாது. படத்தில் கில்மாங்கர் அஸ்தமனத்தைப் பார்த்தபடி சாகிறான். கப்பலிலிருந்து குதித்து மாண்ட முன்னோர்களோடு தன்னையும் கடலில் போடச் சொல்கிறான். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் அடிமைகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள். அந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியாகாது. ஆனாலும் கப்பல் என்ற சொல் டர்பன் அரங்கில் சும்மா விழுந்துவிடாது.

இன்னொரு காட்சியையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கில்மாங்கர் கைவிலங்கோடு அரசவைக்குள் வருகிறான். அமெரிக்க ஆங்கிலத்தில் அலட்சியமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். சபையில் ஒருவர், நீ யார் என்று வகாண்டா மொழியில் கேட்கிறார். அவன் அதே மொழியில், நான் என்ஜோபுவின் மகன் என்று பதில் சொல்கிறான். சபை கலங்கிப்போகிறது. என்னிடம் வாரக்கடைசியில் தமிழ் படிக்க வருகிற ஒரு பையன் இந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டான்: "அங்கிள், அவன் அங்கே பிறக்கவே இல்லையே, அவனுக்கு அந்த மொழியை யார் சொல்லிக்கொடுத்தது?" நல்ல கேள்வி. அப்பாதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், ஓக்லண்டின் அந்த மாடி வீட்டில். படம் அதைக் காட்டுவதில்லை; பிறப்பிடத்தை மாற்றியதால் தானாக வந்து ஒட்டிக்கொண்ட செய்தி அது. காமிக்ஸில் நாடு கடத்தப்பட்டவனுக்குத் தாய்மொழி தெரிவதில் ஆச்சரியமே இல்லை. தாய்நாட்டைப் பார்த்தே இராதவனுக்குத் தெரிந்தால், அது ஒரு வாரிசுரிமைப் பத்திரம்.

குரங்குத்தோலும் அனுமனும்

எம்பாக்குவைப் பற்றிய வாதம் வேறு ரகம். 1969-இல் அவெஞ்சர்ஸ் இதழில் வந்த எம்பாக்குவுக்குப் பட்டப்பெயர் 'மனிதக் குரங்கு'. வெள்ளைக் கொரில்லாவைக் கொன்று, அதன் இறைச்சியைத் தின்று, அதன் தோலைப் போர்த்திக்கொண்டு பலம் பெற்றவன். ஓர் ஆப்பிரிக்கருக்குக் குரங்குத்தோல் உடுத்தி அந்தப் பட்டத்தையும் சூட்டுவது எவ்வளவு அசிங்கம் என்று அன்றைக்கு வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை. இந்த நாட்டில் அந்தச் சொல் யார் மீது எப்படி எறியப்பட்டது என்று நமக்குத் தெரியும். பட்டப்பெயரைப் படம் தூக்கி எறிந்துவிட்டது. அதற்காக யாராவது அழுதால் அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

ஆனால் என்ன மிச்சம் வைத்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். காமிக்ஸில் எம்பாக்கு வகாண்டாவின் இயந்திரங்களை வெறுப்பவன். பழைய வழிக்குத் திரும்பவேண்டும் என்பவன். படத்திலும் அவன் மலைமேல் வாழ்கிற ஜபாரி மக்களின் தலைவன், வைப்ரேனியத்தைத் தொடாதவன், அரசனின் தங்கை மரபை மதிப்பதில்லை என்று சபையில் முறையிடுகிறவன். கொள்கை அப்படியே இருக்கிறது. மாறியது தோல்தான். இறைச்சி தின்றவனை எதிர்த்திசைக்கே கொண்டுபோய்விட்டார்கள்: உங்களை என் பிள்ளைகளுக்கு உணவாக்குவேன் என்று மிரட்டிவிட்டு, சும்மா சொன்னேன், நாங்கள் மரக்கறிக்காரர்கள் என்று சிரிக்கிறான். மூலம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இரண்டு மடங்கு.

கொரில்லாத் தெய்வத்தின் இடத்தில் படம் யாரை வைத்தது தெரியுமா? அனுமனை. அருவியில் சவால் விடும்போது எம்பாக்கு அனுமன் பேரைச் சொல்லி வாழ்த்துகிறான். இந்தியாவில் தணிக்கைக் குழு அந்தச் சொல்லின் ஒலியை நிறுத்திவிட்டது. நம் பக்கத்தில் வட இந்திய வழிவந்த வீடுகளின் முற்றத்தில் அனுமனுக்கு மூங்கில் கம்பில் சிவப்புக் கொடி பறக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வகாண்டாவின் மலையில் அந்தப் பெயரைக் கேட்டால் எப்படி நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எடுத்தவர்கள் என்ன யோசித்து அந்தப் பெயரை வைத்தார்களோ, எனக்கு அது அரைகுறையாக வேகவைத்த யோசனையாகவே படுகிறது. அனுமன் என்றால் ஒரு குரங்குத் தெய்வம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால், அவனுடைய பணிவும் சொல்வன்மையும் எங்கே போயிற்று? ஒரு மரபைப் பெயரளவில் எடுத்து ஒட்டினால் இப்படித்தான் துருத்திக்கொண்டு நிற்கும்.

தங்கையிடம் போன மூளை

மூலத்தில் டிசல்லா உலகின் பெரிய விஞ்ஞானிகளில் ஒருவன். அவன் கருவிகளை அவனே செய்வான். தங்கை ஷூரி 2005-இல்தான் காமிக்ஸுக்கு வந்தாள். ஆய்வுக்கூடம் அவளுடைய அடையாளமாக இருக்கவில்லை. படம் அண்ணனின் மூளையைத் தங்கைக்கு மாற்றிக்கொடுத்தது. இதில் கோபப்படுகிறவர்களுக்கு நியாயம் இருக்கிறது: ஒரு கருப்பின அரசன் வீரனாகவும் விஞ்ஞானியாகவும் இருந்தது 1966-இல் பெரிய விஷயம், அதில் பாதியைப் பிடுங்கிவிட்டார்கள். பதிலுக்கு என்ன கிடைத்தது? கிண்டலடிக்கிற தங்கை. கவசத்தை அண்ணன் உதைத்துப் பார்க்க, அது திருப்பி அடித்து அவனைப் பறக்கவிட, அவள் சிரிக்கிற அந்த ஆய்வுக்கூடக் காட்சி. அரசனுக்கும் வீடு இருக்கிறது என்று தெரிகிற இடம் அது ஒன்றுதான். எனக்கு வியாபாரம் கட்டுபடியாகிறது. கட்டாது என்கிறவரோடு சண்டைக்கு நிற்க மாட்டேன்.

எல்லா மாற்றத்துக்கும் கலைக் காரணம் தேடாதீர்கள். சில வக்கீல் அலுவலகத்தில் நடப்பவை. காமிக்ஸில் 2006-இல் டிசல்லா மணந்தது எக்ஸ்-மென் கூட்டத்தின் ஸ்டார்ம் என்ற பெண்ணை. படம் எடுத்தபோது எக்ஸ்-மென் பாத்திரங்களின் திரை உரிமை ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 'பிளாக் பேந்தர்' படத்தை எடுத்த மார்வெல் நிறுவனம் அவளைத் தொட முடியாது. படத்தில் காதலியாக வருகிற நக்கியா, காமிக்ஸில் அரசன்மேல் பித்துப்பிடித்து வில்லியாகிப்போன மெய்க்காவல் பெண். "நக்கியாவைக் கெடுத்துவிட்டார்கள்" என்பவர்கள் எந்த நக்கியாவைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நாட்டை எடுத்துவிட்டு, தொப்பியை வைத்தார்கள்

தென்னாப்பிரிக்கருக்குப் பொருத்தமான படம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கேதான். 1989-இல் டான் மெக்ரிகர் எழுதி ஜீன் கோலன் வரைந்த ஒரு தொடர்கதையில் டிசல்லா தன் சிற்றன்னையைத் தேடி வருகிறான். வருகிற இடம் கற்பனை நாடு இல்லை. நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்கா. அந்தச் சிற்றன்னையின் பெயர் ரமோண்டா. தென்னாப்பிரிக்காவிலிருந்து வகாண்டாவுக்கு வந்தவள். இங்கே ஒரு வெள்ளை அதிகாரியால் ஆண்டுக்கணக்கில் சிறைவைக்கப்பட்டவள்.

படத்தில் ஏஞ்சலா பாசெட் நடித்த ரமோண்டா டிசல்லாவைப் பெற்ற தாய். சிற்றன்னை என்பது போயிற்று, சிறை போயிற்று, தென்னாப்பிரிக்காவும் போயிற்று. இரண்டேகால் மணி நேரப் படத்தில் அதற்கெல்லாம் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் நீக்கப்பட்டது எங்கே போயிற்று என்று தேடுங்கள். அவள் தலையில் இருக்கிறது. உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர் அவளுக்குக் கொடுத்த அகன்ற வட்டத் தொப்பி, மணமான சூலு பெண்கள் அணிகிற இசிச்சோலோவின் சாயல். முப்பரிமாண அச்சில் செய்தது. க்வாசூலு-நாட்டாலில் கல்யாண ஊர்வலங்களைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. எல்லைக் காவலர்கள் கேடயமாக வீசிப் பிடிக்கிற போர்வைகள் பசோத்தோ மக்களின் போர்வைகள். அந்த உடைகளுக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

மொழியும் அப்படித்தான் வந்தது. டிசல்லா வருகிற முந்தைய படமான, 2016-இன் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் டிசாக்காவாக நடித்தவர் ஜான் கானி. போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டனில் பிறந்த நாடகக் கலைஞர்; 1975-இல் டோனி விருது பெற்றவர். மகனோடு பேசுகிற காட்சியில், அப்பாவும் பிள்ளையும் ஏன் ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று தன் தாய்மொழியான கோசாவில் பேசிக்காட்டினார். டிசல்லாவாக நடித்த சாட்விக் போஸ்மன் அதைக் கற்றுக்கொண்டு பதில் பேசினார். வகாண்டாவின் மொழி அப்படி முடிவாயிற்று. 2018 படத்தில் இளவயது டிசாக்காவாக வருவது கானியின் மகன் அட்டாண்ட்வா.

இதில் ஆட்சேபம் உண்டு. வகாண்டா கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்கிறார்கள்; கோசா தெற்கின் மொழி, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. சரிதான். ஆனால் காமிக்ஸ் மட்டும் என்ன செய்தது? ப்ரீஸ்ட்டின் கதைகளில் அரசனின் மெய்க்காவல் பெண்கள் அவனிடம் பேசுவது ஹௌசா மொழியில். அது நைஜீரியப் பக்கத்து மொழி. இரண்டுமே இரவல். வித்தியாசம் எங்கே என்றால், ஒன்று பேச்சுக் குமிழிக்குள் இருந்த தகவல். மற்றொன்று அதைத் தாய்ப்பாலோடு குடித்தவரின் வாயில் வந்த ஒலி. கோசாவில் நாக்கைச் சொடுக்கி எழுப்புகிற சொடுக்கொலி அச்சில் கேட்காது. திரையில் நடிகர்களின் நாக்கு அதற்குப் படுகிற பாடுகூடக் கேட்கிறது. கோசா தெரிந்தவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைக்கவும் செய்வார்கள்.

ஒரு கதாபாத்திரத்தின் ஊரை எடுத்துவிட்டு, அந்த ஊரின் தொப்பியையும் போர்வையையும் மொழியையும் நாடு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது லாபமா நட்டமா? நம் ஆடையும் ஒலியும் உலகம் முழுக்கப் போயின. நம் வரலாறு போகவில்லை; ரமோண்டாவின் சிறை அந்த 1989 இதழ்களிலேயே கிடக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு உறுத்துகிறது. படம் பிடித்திருந்தும் உறுத்துகிறது.

சரியாக வராத இடம்

எல்லா மாற்றத்தையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. க்ளாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் தந்தையைக் கொன்றவன் அவன்தான். டிசல்லாவின் கதையையே தொடங்கிவைத்தவன். திரையில் அந்தக் கொலையை 2016 படத்தின் வில்லன் ஜீமோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தின் முடிவிலேயே டிசல்லா ஜீமோவைக் கொல்லாமல் விட்டுவிடுகிறான். பழி என்ற இழை அங்கேயே அறுந்துவிட்டது. அதனால் 2018 படத்துக்கு வந்த க்ளாவுக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. சிரிக்கிறான், பாடுகிறான், பாதியில் செத்துப்போகிறான். ஆண்டி செர்கிஸ் என்ற அருமையான நடிகர் அதை மறைக்கிறார். அவரை நீக்கிவிட்டு யோசித்தால், கில்மாங்கர் வகாண்டாவுக்குள் நுழையக் கொண்டுவருகிற சீட்டு மட்டும்தான் க்ளா. ஓர் இழையை இழுத்துவிட்டு மற்றவற்றைச் சரிசெய்யாமல் விட்டதன் அடையாளம் அது.

கடைசியாக, இன்னும் ஓயாத வாதம் ஒன்று. 2020 ஆகஸ்டில் போஸ்மன் புற்றுநோயால் இறந்தார். 2022-இல் வந்த அடுத்த படத்தில் வேறு நடிகரை டிசல்லாவாக நடிக்கவைக்கவில்லை. டிசல்லாவும் இறந்துவிட்டதாகவே கதை தொடங்கியது. ஷூரி பிளாக் பேந்தர் ஆனாள். வேடிக்கை என்னவென்றால் காமிக்ஸில் அவள் 2009-இலேயே அந்த உடையை அணிந்துவிட்டாள். ஆக, மூலத்துக்கு விசுவாசம் என்று பார்த்தால் குறைசொல்ல இடமில்லை. ஆனாலும் பாதிக் கூட்டம், வேறு நடிகரைப் போட்டிருக்கவேண்டும் என்கிறது. காமிக்ஸில் டிசல்லா வரைகிற கைகளைத் தாண்டி வாழ்கிறான், ஒரு நடிகரோடு ஏன் புதைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். மறுபக்கம், திரையில் பாத்திரம் என்பது அந்த முகமும் குரலும் சேர்ந்ததுதான், பேனாவை மாற்றுவதுபோல் மாற்ற முடியாது என்கிறது.

நான் முதல் பக்கம். ஐம்பது வருடங்களில் எத்தனையோ கைகள் வரைந்து உயிரோடு வைத்திருந்த ஒருவனை நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன். அந்தப் படத்தின் முதல் பத்து நிமிட இறுதி ஊர்வலத்தை, வெள்ளை உடையில் ஆடிக்கொண்டே போகிற அந்தக் கூட்டத்தை, இதற்குப் பதிலாக என் முன்னே வைத்து வாதாடுகிறவர்களுக்கு நல்ல பதில் இன்னும் என்னிடம் இல்லை.